பதினேழாம் நம்பர் கேமரா புற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது

1

போன வாரம் செவ்வாய்க்கிழமை, அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு சதுப்பு நிலத்தில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு நின்றபடி ஒலிப்பதிவுப் பெட்டிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது ஓசூரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்பவர்களிடம், "ஃபாரஸ்ட் வேலை மாதிரி" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவ்வளவு பெரிய வேலை இல்லை. இங்கே காற்றாலை நடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்னென்ன பறவை, என்னென்ன வௌவால் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்காக ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் கம்பத்தில் கட்டிவிடுகிறோம். அது இரவு பகலாகச் சத்தத்தைப் பிடித்துவைக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் போய் பேட்டரியையும் மெமரி கார்டையும் மாற்றி வருகிறேன். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டால், எந்த நிமிஷம் எந்தப் பறவை கத்தியது என்று அதுவே பட்டியல் போட்டுவிடும். என் கார்டுகளில் வந்த பறவைகளில் பாதியை நான் கண்ணால் பார்த்ததில்லை.

மின்னஞ்சல் அனுப்பியவர் மேடம். பெங்களூர்க்காரர், யானை ஆராய்ச்சி செய்பவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு வேலை கொடுத்தவர். என் இங்கிலீஷ் அவருக்குத் தெரியும் என்பதால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் நாங்கள் எடுத்த லட்சக்கணக்கான படங்களை இப்போது புது மென்பொருளில் போட்டிருக்கிறார்கள். யானை, பன்றி, மாடு, மனுஷன் என்று அது தானாகவே பிரித்துக் கொடுத்துவிட்டது. அப்போது நாலு பேர் உட்கார்ந்து கண் எரிய மாசக்கணக்கில் செய்த வேலை, இப்போது சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடிந்துவிட்டதாம். அதை வைத்து ஒரு வரைபடம் தயார். யானை வரும் வழியில் எல்லாம் இந்த ராகி அறுப்புக்குள் எச்சரிக்கைக் கம்பம் நடப்போகிறார்கள். கம்பத்து உச்சியில் உடம்புச் சூட்டைப் பார்க்கிற கேமரா இருக்கும். யானை வந்தால் ஊருக்கெல்லாம் போனில் செய்தி போகும், சைரன் அடிக்கும்.

கடைசி வரி இது: "அறிக்கையில் உங்களுக்கு நன்றி சொல்கிறோம். உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள்."

வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சானமாவுக் காட்டிலிருந்து பேரிகை வரைக்கும் சிவப்புப் புள்ளிகள். எங்கள் ஊர் ஏரிக்கரை மட்டும் வெள்ளையாக இருந்தது. பதினேழாம் நம்பர் கேமரா, யானை பூஜ்யம், கம்பம் தேவையில்லை.

பேட்டரி மாற்றி முடித்துவிட்டுத்தான் வண்டிக்குத் திரும்பினேன். வேலை வேலைதான்.

2

பத்தாவதில் கணக்கு போனது. திரும்ப எழுதவில்லை. ஓசூர் சிப்காட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப், பிறகு பாகலூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கிற பசுமைக் குடில், பிறகு ஹூப்ளிவரை லாரியில் கிளீனர், பிறகு மறுபடி கம்பெனி. எந்த இடத்திலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. இந்த நாட்டுக்கு வரும்போது முன்பு பார்த்த வேலைகளை எழுதச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். ஐந்து வரிதான் விட்டிருந்தார்கள். எனக்குப் பதினொன்று வந்தது. கவுன்டரில் இருந்த பெண் தனித்தாள் ஒன்று கொடுத்து, "இவ்வளவு வேலையா?" என்று கேட்டாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு "தேங்க்யூ" என்றேன்.

மேடம் என்னை எடுத்ததற்குக் காரணம் படிப்பு இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஊர்க்காரர்களிடம் பேசுவேன், பைக் ஓட்டுவேன், எங்கே வேண்டுமானாலும் நடப்பேன். எட்டு கேமராக்கள் என் பொறுப்பு. மரத்தில் இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கும். எதிரே சூடான உடம்பு எது நகர்ந்தாலும் படம் எடுக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை கார்டு மாற்ற வேண்டும்.

அதில் ஒரு முறை உண்டு. பழைய கார்டை எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்னக் கரும்பலகையில் கேமரா நம்பர், தேதி, நேரம் எழுதி அதன் முன்னால் பிடிக்க வேண்டும். அது கடைசிப் படம். புதுக் கார்டு போட்டதும் மறுபடி பலகையைப் பிடிக்க வேண்டும். அது முதல் படம். இரண்டு பலகைக்கும் நடுவில் கேமரா ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்தச் சாட்சியைத்தான் நான் கெடுத்தேன்.

3

பதினேழு எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருந்தது. ஒரு புங்கமரத்தில் பாதையைப் பார்த்தபடி கட்டியிருந்தேன். மரத்துக்கு மறுபக்கம் ஒரு பாம்புப் புற்று. கட்டின மூன்றாம் நாள் நாகம்மக்கா என் பைக்கை மறித்தாள். எங்கள் தெருவுக்குப் பின்தெரு. வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். அதுவரை கூலிக்கு ராகி அறுத்துக்கொண்டிருந்தவள், அந்த வருஷம்தான் சிப்காட் கம்பெனி ஒன்றில் கூட்டிப்பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளோடு இன்னும் ஆறேழு பெண்கள் நின்றார்கள்.

"ஏமிரா மாதேசு, மரத்துல கண்ணு கட்டி வெச்சிருக்கியாமே?"

"யானைக்குக்கா."

"யானை மட்டுந்தான் அந்த வழியா போவுதா? நாங்க விடியக்காத்தால எங்க போறோம்னு உனக்குத் தெரியாது? உங்கம்மா எங்க போறா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வீடு சர்க்கார் கட்டிக்கொடுத்த கழிப்பறை இருந்தது. தண்ணீர் இல்லாததால் அதில் ராகி மூட்டையும் விறகும் இருந்தன.

"அது வெறும் மெஷினுக்கா. யாரும் உக்காந்து பாக்க மாட்டாங்க."

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கறது யாரு? உங்க மாமனா? கழட்டுடா."

"கழட்ட முடியாதுக்கா. என் வேலை போயிடும்."

"அப்ப திருப்பி வெய்யி. அந்தப் புத்தப் பாக்கட்டும். பாம்பு வந்தா படம் புடிக்கட்டும்."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. விடிவதற்கு முன்னால் கேமராவைப் புற்றுப் பக்கம் திருப்பிவிடுவது, பொழுது சாயும்போது பாதைப் பக்கம் திருப்பிவிடுவது. யானை வருவது இருட்டில்தானே. "பொழுதோட நான் வந்து திருப்பி வெச்சிர்றேன்" என்று அக்காவிடம் சொன்னேன். மேடத்திடம் சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். சொல்லியிருந்தால் அவர் ஏதாவது வழி செய்திருப்பார். அவரும் ஒரு பெண்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பத்து நாள் ஒழுங்காகச் செய்தேன். பிறகு ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் கேட்டார்கள். மேடத்துக்குத் தெரியாமல் அதிலும் சேர்ந்தேன். மத்தியானம் இரண்டரைக்குப் போனால் முடியும்போது ஊர் அடங்கியிருக்கும். சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போவது நின்றது. கேமரா இரவும் பகலும் புற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. கார்டு மாற்றும் நாளில் மட்டும் போவேன். பாதைப் பக்கம் திருப்புவேன், பலகையைப் பிடிப்பேன், கார்டு மாற்றுவேன், மறுபடி பலகை, மறுபடி புற்று. ஆபீஸில் பார்ப்பவருக்கு முதல் படமும் கடைசிப் படமும் பாதை. புற்றுக்கு முன்னால் எதுவும் நகராததால் நடுவில் படமே இல்லை. யானை வரவில்லை என்று அர்த்தம்.

வந்தது. எனக்குத் தெரியும். நான் பலகை பிடித்து நின்ற இடத்துக்கு மூன்றடி தள்ளி யானை லத்தி கிடந்தது. செரிக்காத ராகித் தட்டை அதில் நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளுடையது. படத்தில் விழக்கூடாதென்று காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் பலகையைப் பிடித்தேன். இரண்டு மாசத்தில் நாலைந்து தடவை அப்படித் தள்ளியிருப்பேன்.

4

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் டெக்லன் என்கிற எங்கள் சூப்பர்வைசர் ஒரு தாளைக் கொடுத்தார். பெட்டி நம்பர், தேதி, பேட்டரி அளவு. கடைசிக் கட்டத்தில் 'வேலை செய்யவில்லை' என்று போட்டிருந்தது. தண்ணீர் புகுந்த பெட்டி ஒன்றை நான் துடைத்து, காயவைத்து, மறுபடி கட்டிவிட்டு, அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அவர் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"கெட்டுப்போனால் கெட்டுப்போச்சு என்று எழுது. அந்த வாரத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், அவ்வளவுதான். எழுதாமல் விட்டால் இங்கே பறவையே இல்லை என்று ஆகிவிடும். பறவை இல்லாத இடத்தில் காற்றாலை நட்டுவிடுவார்கள்."

அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. பதினேழாம் நம்பரை நான் உடைத்துப் போட்டிருந்தால்கூடப் பாவமில்லை. அங்கே என்ன நடந்தது தெரியாது என்று விட்டிருப்பார்கள். நான் பலகை பிடித்து, நன்றாகத்தான் வேலை செய்தது என்று சாட்சி சொன்னதால், இல்லை என்பது உண்மையாகிவிட்டது. புரிந்தும் ஆறு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பழைய படங்கள் எங்கேயோ பெட்டியில் தூங்குகின்றன, அவற்றை யார் எடுக்கப்போகிறார்கள் என்று இருந்தேன்.

போன ராகிப் பருவத்தில் அம்மா போனில் சொன்னாள். நாகம்மக்கா விடியற்காலை கம்பெனி பஸ்ஸுக்கு ஏரிக்கரை வழியாகப் போயிருக்கிறாள். எதிரே யானை. திரும்பி ஓடிக் கல்லில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நடக்க முடியவில்லை, வேலையும் போய்விட்டது. "அய்யோ பாவம்" என்றேன், பக்கத்து ஊரில் யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல.

மின்னஞ்சல் வந்த செவ்வாய்க்கிழமை என் மனைவி செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நர்ஸ். அவள் வேலையில்தான் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம்.

"இப்ப சொல்லி என்னங்க ஆகப்போவுது?" என்றாள். "அந்த மேடம் குடுத்த லெட்டர வெச்சுத்தான் உங்களுக்கு இங்க வேலை. அதுல என்ன எழுதியிருக்காங்க, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. கவனமானவர், நம்பகமானவர் என்று எழுதியிருந்தார்.

"இங்க தங்கறதுக்கான கார்டப் புதுப்பிக்க அனுப்பியிருக்கோம். இந்த நேரத்துல நானே பொய் சொன்னேன்னு எழுதிக்குடுப்பீங்களா?"

"அங்க கம்பம் வரலைன்னா இன்னொருத்தர் விழுவாங்க, செல்வி."

அவள் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஆஸ்பத்திரியில தப்பான மருந்து குடுத்துட்டா அன்னிக்கே சொல்லணும், எட்டு வருஷம் கழிச்சு இல்ல" என்றாள். சொல்லு என்றோ வேண்டாம் என்றோ அவள் சொல்லவில்லை.

5

எனக்கு இங்கிலீஷ் பேச வரும். தப்புத் தப்பாக, ஆனால் காரியம் நடக்கும். எழுத வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். காவ்யாவுக்குப் பதிமூன்று வயது. ஏழு வயதில் வந்தவள், அதற்கு முன்னாலும் செல்வி வேலை பார்த்த டவுனில் வளர்ந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ரொம்பக் கெஞ்சினால் தமிழில், அதுவும் வாடகைக்கு எடுத்ததுபோல.

நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பெண்கள் விடியற்காலையில் போவார்கள் என்ற இடத்தில் நின்றாள்.

"எங்க போவாங்க?"

"வெளிய."

"வெளியன்னா? வாக்கிங்?"

சொன்னேன். அவள் விரல் நின்றுவிட்டது.

"பட் டாய்லெட் இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"தண்ணி இல்லம்மா. ராகி மூட்டை வெச்சிருந்தாங்க."

"பாட்டியும் போவாங்களா?"

"போவாங்க."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இந்த ஆறு வருஷத்தில் ஊர் என்று அவளுக்கு நான் காட்டியதெல்லாம் மாந்தோப்பும் ஏரியும் திருவிழாவும்தான். "நானா இருந்தா நானும் திருப்பச் சொல்லுவேன்" என்றாள். பிறகு தட்டினாள். படித்துக் காட்டினாள். பெண்கள் கேட்டுக்கொண்டதால் கேமரா திருப்பப்பட்டது என்று எழுதியிருந்தாள்.

"அது பாதிதான்" என்றேன். "சாயங்காலம் போயி மறுபடி திருப்பணும். நான் போகல."

"ஏன் போகல?"

"வேற வேலைக்குப் போயிட்டேன். சொல்லாம."

"அப்போ லத்தி? அத ஏன் தள்ளினீங்க?"

"படத்துல தெரியக்கூடாதுன்னு."

அவள் என்னைப் பார்த்தாள். பள்ளியில் பரீட்சையில் பார்த்து எழுதியவனைப் பற்றி வந்து சொல்லும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"'லைடு'ன்னு எழுதவா, 'மிஸ்டேக்'னு எழுதவா?"

லை என்றால் பொய் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். "பொய்னே எழுது" என்றேன்.

எழுதினாள். அனுப்பும் பொத்தானை என்னையே அழுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

6

மேடம் மறுநாளே போன் செய்தார்.

"மாதேஷ், பதினேழு மட்டுமா?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒம்பதாம் நம்பர் கேமராவுக்கு ஒரு தடவை மழையில போகல மேடம். போனதா எழுதினேன். மத்தது... நிச்சயமாச் சொல்ல முடியாது."

"நிச்சயமா சொல்ல முடியலைன்னா நான் உங்க எட்டு கேமராவையும் கணக்குல இருந்து எடுத்துடணும்." குரலில் கோபம் தெரியவில்லை, களைப்பு தெரிந்தது. "உங்க படத்த அறிக்கையில போட முடியாது. அது புரியுதில்ல?"

"புரியுது மேடம்."

"கம்பத்து லிஸ்ட் ஏற்கெனவே மேல போயிடுச்சு. உங்க வார்த்தைய வெச்சு மாத்த மாட்டாங்க. படம் வேணும். திரும்ப அங்க ஒரு கேமரா கட்டறேன். ஒரு மாசத்துல யானை வந்தது தெரிஞ்சா, மிச்சம் இருக்கற ஒரு கம்பத்தை அங்க கேக்கலாம்."

புது வரைபடம் அனுப்பினார். என் எட்டு கேமராவும் இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறம். ஓரத்தில், சாம்பல் என்றால் தெரியாது என்று குறிப்பு. பெரிய நிலம் அது. தொரப்பள்ளிப் பக்கத்திலிருந்து எங்கள் ஏரி வரைக்கும். அதில் இருந்த ஊர்களின் பெயரை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

நாகம்மக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அடுத்த நாள் சாப்பாட்டு வேளையில் வண்டிக்குள் உட்கார்ந்து கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம்.

"ஏமிரா, வெள்ளக்காரன் ஊருல மழையா?"

"மழைதான்க்கா. இடுப்பு எப்பிடி இருக்குது?"

"இருக்குது. நான் எங்க வெச்சேனோ அங்கியே இருக்குது." சிரித்தாள். "யானை என்னெத் தள்ளலடா. எல்லாரும் தள்ளிச்சி தள்ளிச்சின்னு சொல்றாங்கோ. அது பாவம் ஒதுங்கி நின்னுச்சி. நான்தான் பயந்து வுழுந்தேன்."

சொன்னேன். திருப்பினது, திரும்பப் போகாதது, லத்தியைத் தள்ளினது, கம்பம் வராதது. அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அதை அணைக்கச் சொன்னாள்.

"பொழுதோட வந்து திருப்பறேன்னு சொன்னியேடா."

"சொன்னேன்க்கா."

"நாங்க அத நம்பிக்கினுதான் அந்த வழியில போனோம். ராத்திரியெல்லாம் மெஷினு பாக்குது, யானை வர்ற வழியா இருந்தா இந்நேரம் வந்து சொல்லியிருப்பாங்கோன்னு. ஒண்ணும் சொல்லலியே, அப்ப வராதுன்னு. ரோட்டு வழி சுத்தின்னு நாங்க கரை வழியாவே பஸ்ஸுக்குப் போனோம். இத்தினி வருஷமா."

இதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை. வெறும் கார்டை ஆபீஸ் மட்டும்தான் நம்பியது என்று இருந்தேன்.

"அந்தம்மாவ வரச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டாள்.

மேடம் நேற்று போனார். வீடியோவில் என்னையும் சேர்த்துக்கொண்டார், பழைய இடம் எது என்று காட்டுவதற்காக. என் உதவி தேவைப்படவில்லை. நாகம்மக்காவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பெண்கள் கரைக்குத் தூக்கி வந்திருந்தார்கள். யானை இறங்கும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம், ராகிக்குள் நுழையும் இடம் என்று அவள் கை நீட்ட நீட்ட மேடத்தின் ஆள் குறித்துக்கொண்டார்.

"விடியக்காத்தால நாங்க வருவோமேம்மா?" என்றாள்.

"ஆளுங்க படத்த கம்ப்யூட்டரே அழிச்சிடும். யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் மேடம்.

"அழிக்கறதுக்கு முன்னாடி அது பாக்குமில்ல?"

"அது வெறும் மெஷின்ம்மா."

"மாதேசும் இப்பிடித்தான் சொன்னான்." பெண்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டார். நாகம்மக்கா சிரிக்கவில்லை. "நாங்களே பாத்துக்கறோம். காலையில மொதல்ல வர்றவ அந்தப் பக்கம் திருப்பட்டும். கடைசியாப் போறவ பழையபடி வெச்சிட்டுப் போவட்டும்."

"திருப்பற நேரத்தை எழுதி வைக்கணும். தினமும்."

"எழுதத் தெரிஞ்சவ மூணு பேரு இருக்கறோம். குடுங்க நோட்ட."

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்கள். கேமராவின் நாடாவை மரத்தில் சுற்றிக் கட்டினார்கள். நான் பெட்டி கட்டுவதைவிட இறுக்கமாக. "அக்கா" என்று கூப்பிட்டேன். போன் யார் கையிலோ இருந்தது. அவள் திரும்பவில்லை.

"அவன் இன்னும் லைன்ல இருக்கறானா?" என்று கேட்டாள்.

"இருக்காரு. கட் பண்ணிடவாக்கா?"

"வேணாம், இருக்கட்டும். பாத்துக்கினு இருக்கட்டும்."